எதிர்காலத்தைக் காட்டும் கேளிக்கைப் பூங்காக்கள் ஏன் தடம் மாறிப் போகின்றன?

தக்கலை வாசகன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையின் பின்புறம் ஓர் அறை நெடுநாளாகச் சும்மா கிடக்கிறது. அடுத்த கோயில் கொடைக்கு வரும் கூட்டம் பார்க்கும்படி, அதில் ‘2055-இல் குமரி மாவட்டம்’ என்று ஒரு காட்சியரங்கு அமைக்க வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் ஆவலாக இருக்கிறார்கள். தெர்மாகோலில் அடுக்குமாடிகள், குழித்துறை ஆற்றின்மேல் பறக்கும் டாக்சி, நாகர்கோவிலுக்கு மோனோரயில் என்று ஒரு பட்டியலும் போட்டுவிட்டார்கள். செலவுக்குப் பொறுப்பு நான் என்பதால், இதையே பெரிய அளவில் செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று படித்துப் பார்த்தேன்.

அமெரிக்கக் கார்ட்டூன் படத் தயாரிப்பாளர் வால்ட் டிஸ்னி 1966 அக்டோபரில் ஒரு படக்கருவிக்கு முன் நின்று, புளோரிடாவில் வாங்கிப் போட்டிருந்த 27,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் 20,000 பேர் வாழக்கூடிய ஒரு நகரத்தைக் கட்டப்போவதாக விளக்கினார். எப்காட் என்பது அதன் பெயர். நடுவே வெயிலும் மழையும் படாதபடி கூரையிட்ட கடைவீதி, அங்கிருந்து தேர்ச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் பிரியும் பாதைகள், கார்களும் லாரிகளும் தரைக்கு அடியில், மக்கள் போய்வர மோனோரயில் என்பது திட்டம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 15 அன்று அவர் இறந்துவிட்டார். 1982-இல் அதே பெயரில் திறக்கப்பட்டது நகரம் அன்று, சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கும் பூங்கா. அந்தப் பூங்காவில் ஆற்றலைப் பற்றி இருந்த அரங்கின் இடத்தில் 2022 முதல் ஒரு சூப்பர் ஹீரோ ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. கடலைப் பற்றிய அரங்கைக் கார்ட்டூன் மீன்கள் எடுத்துக்கொண்டன.

இது பேராசையால் மட்டும் நேர்ந்ததா, அல்லது எதிர்காலத்தைக் காட்சிக்கு வைப்பதிலேயே ஏதேனும் அடிப்படைச் சிக்கல் இருக்கிறதா? நேரில் பார்த்தவர்கள், இத்தகைய வேலை தெரிந்தவர்கள் சொன்னால் எங்கள் அறைக்கும் உதவியாக இருக்கும்.

மார்த்தாண்டத்துக்காரன்:

நான் மென்பொருள் வேலையாகச் சில ஆண்டுகள் புளோரிடாவில் இருந்தவன். 1996-இல் எப்காட்டுக்குக் குடும்பத்தோடு போனபோது ‘ஹொரைசன்ஸ்’ என்ற அரங்கு அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 1983-இல் திறக்கப்பட்டது அது. மேலிருந்து தொங்கும் பெட்டிகளில் உட்கார்ந்து பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டும். முந்தைய தலைமுறைகள் எதிர்காலத்தை எப்படியெல்லாம் கற்பனை செய்தன என்பதைச் சற்றுக் கேலியோடு முதலில் காட்டிவிட்டு, பிறகு பாலைவனத்தில் தோட்டம் போடும் குடும்பம், கடலுக்கடியில் வாழும் குடும்பம், விண்வெளியில் வாழும் குடும்பம் என்று அழைத்துப் போவார்கள். பாலைவனக் காட்சியில் ஆரஞ்சுப் பழ வாசனை மூக்கில் ஏறும். முடிவில், இந்த மூன்றில் எந்த வழியாகத் திரும்ப விரும்புகிறீர்கள் என்று பெட்டியில் இருக்கும் பொத்தான்களை அழுத்தச் சொல்வார்கள். நாங்கள் மூவரும் பேசி வைத்துக்கொள்ளாமலேயே கடலை அழுத்தினோம். குளச்சல் கடற்கரையில் மாலை நேரங்களைக் கழித்து வளர்ந்தவர்களுக்கு வேறு எதை அழுத்தத் தோன்றும்?

அந்த அரங்கின் செலவை ஏற்றிருந்தது ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம். பத்து ஆண்டு முடிந்ததும் 1993-இல் அது விலகிக்கொண்டது. அதன் பிறகு கேட்பாரற்றுக் கிடந்து, 1999 ஜனவரியில் மூடப்பட்டு, கட்டடமும் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் 2003-இல் விண்கலப் பயணத்தைப் போலச் சுழற்றும் ஒரு சவாரி வந்தது. தலை கிறுகிறுக்கும், வயிறு புரட்டும், இறங்கி வந்துவிடலாம். அந்தச் சவாரியில் நாம் எப்படி வாழப் போகிறோம் என்ற கேள்வி கிடையாது. என்னைக் கேட்டால் தடம் மாறியது அந்த இடத்தில்தான். கார்ட்டூன் மீன்கள் வந்தது பிற்பாடு நடந்தது.

பணம் கொடுத்தவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். 1966-இன் திட்டத்தில் மோட்டார் வாகனங்கள் தரைக்கு அடியில் தள்ளப்பட்டிருந்தன. 1982-இன் பூங்காவிலோ போக்குவரத்து அரங்கை நடத்தியது ஜெனரல் மோட்டார்ஸ், ஆற்றல் அரங்கை நடத்தியது எக்ஸான் எண்ணெய் நிறுவனம். கார் விற்பவர் காரில்லாத ஊரை ஏன் காட்டப் போகிறார்? நகரத்தின் மையக் கருத்தே அங்கே தலைகீழாகிவிட்டது. அந்த முதல் வகை அரங்குகளில் ஒன்று இன்றுவரை பெரும்பாலும் தன் போக்கில் இருக்கிறது. படகில் உட்கார்ந்து பசுமைக்குடில்களுக்குள் போகும் வேளாண்மை அரங்கு அது. மண்ணில்லாமல் வளரும் செடிகளில் உண்மையாகவே காய்கள் தொங்கும். அவை அந்தப் பூங்காவின் உணவகங்களுக்கே போகின்றன. அது தப்பிப் பிழைத்ததற்கு என்ன காரணம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். செடி பருவத்துக்குப் பருவம் புதிதாகக் காய்க்கிறது, அதைப் பழையது என்று யாரும் சொல்ல முடியாது என்பதைத் தவிர எனக்கு வேறு விடை கிடைக்கவில்லை.

பொருட்காட்சி மின்பணியாளர்:

நான் நாகர்கோவில். திருவிழாப் பொருட்காட்சிகளில் அரங்குகளுக்கு வயரிங், விளக்கு, மோட்டார் வேலை செய்து கொடுப்பவன். மார்த்தாண்டத்து அண்ணாச்சி சொன்ன கடைசி வரியை என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். மரணக்கிணறும் ராட்டினமும் என் தாத்தா காலத்தில் எப்படியோ அப்படியே இருக்கின்றன, கூட்டமும் குறையவில்லை. ‘கணினி உலகம்’ என்று ஒரு முறை அரங்கு போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் ஆண்டே பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பெட்டியோடு பரணில் ஏற்றியாயிற்று.

இதற்கு டிஸ்னியிடமே ஒரு சரியான எடுத்துக்காட்டு உண்டு. 1964-இன் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக ஜெனரல் எலக்ட்ரிக் பணத்தில் ‘கரோசல் ஆஃப் புரோகிரஸ்’ என்ற நாடகத்தைச் செய்தார்கள். இயந்திர மனிதர்கள் நடிப்பார்கள். மேடைகள் நடுவில் நிலையாக நிற்கும். பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் அரங்கம்தான் அவற்றைச் சுற்றி வரும். இன்று புளோரிடாவில் இருக்கும் அதில் நான்கு காட்சிகள். முதல் மூன்றும் மின்சாரம் வருவதற்கு முந்தைய வீட்டில் தொடங்கி 1940கள் வரை போகின்றன. அவற்றில் ஒரு திருகாணியைக்கூட மாற்றத் தேவையில்லை. இறந்த காலம் ஆயிற்றே, அது இனி மாறாது. நான்காவது காட்சிதான் எதிர்காலம். அதை மட்டும் மறுபடி மறுபடி மாற்றினார்கள். 1990களின் தொடக்கத்தில் வைத்த வடிவத்தில், படம் பார்க்கும் பழைய வட்டத்தகடான லேசர் டிஸ்க்கும் கார் தொலைபேசியும் பெரிய அதிசயங்களாகப் பேசப்பட்டன. என் மகனுக்கு லேசர் டிஸ்க் என்றால் என்னவென்றே தெரியாது.

எனவே பேராசை ஒரு பகுதிதான். பேராசையே இல்லாதவர் கட்டினாலும், எதிர்கால அரங்கு ஓயாமல் செலவு கேட்கும். தேவதைக் கதை அரங்குக்கு வர்ணம் மட்டும் அடித்தால் போதும். கணக்குப் பார்க்கும் எவரும் இரண்டாவதைத்தான் தேர்வார். 1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் பூங்கா திறந்தபோது அதன் ‘டுமாரோலேண்ட்’ பகுதி 1986-ஆம் ஆண்டைக் காட்டுவதாகச் சொன்னார்கள். அங்கே குழந்தைகள் ஓட்டுவதற்கென்று சிறிய பெட்ரோல் கார்களும் அவற்றுக்கு வளைந்து நெளிந்த சாலையும் இருந்தன. அமெரிக்காவில் நாடு தழுவிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்ததே 1956-இல்தான் என்பதால் அன்று அது உண்மையான எதிர்காலம். 1986 வந்தது, போயிற்று. அதற்குப் பிறகும் எத்தனையோ ஆண்டுகள் அதே இடத்தில் பெட்ரோல் புகையோடு அந்தக் கார்கள் ஓடின. 1992-இல் பாரிசில் பூங்கா கட்டியபோது இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, பிரெஞ்சு அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் காலத்து மனிதர்கள் கற்பனை செய்த எதிர்காலத்தை வைத்துவிட்டார்கள். பழைய எதிர்காலத்துக்கு வயதாகாது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அது கையைத் தூக்கிவிட்டதாகவும் பொருள்படும்.

தக்கலை சாருக்கு என் தொழில் ஆலோசனை: தெர்மாகோல் வேண்டாம். எந்தப் பொருளையும் நிலையாக ஒட்டாதீர்கள். கழற்றி மாட்டும்படி திருகாணி போடுங்கள்.

குளச்சல் அம்மா:

பெரியவர்கள் எல்லாரும் வருந்துகிறீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தெரிந்த முகத்தைப் பார்த்தால் குழந்தை ஓடிப்போய் நிற்கும். அணு ஆற்றல் விளக்கப் பலகையின் முன் நிற்காது. பூங்காக்காரர்கள் அதைக் கண்டுகொண்டார்கள், அவ்வளவே. ஆனால் மார்த்தாண்டத்து அண்ணன் சொன்ன பொத்தானை என் பிள்ளைகளும் நிச்சயம் அழுத்தியிருப்பார்கள்.

சுசீந்திரம் ஓய்வாசிரியை:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் ஒரு நல்ல கனவு இருந்ததாகவும் அது பின்னர் கெட்டுப்போனதாகவும் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அந்தக் கனவைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். டிஸ்னி திட்டமிட்ட நகரத்தில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. எல்லோரும் வாடகைக்குத்தான் இருக்க வேண்டும். நிலம் இல்லாததால் ஊர் நிருவாகத்தில் வாக்கும் கிடையாது. அங்கே வசிப்பவர் ஒவ்வொருவரும் வேலையில் இருக்க வேண்டும், ஓய்வு பெற்றவர்களுக்கு இடமில்லை. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். மனிதர்கள் ஓரிடத்தில் பத்து ஆண்டு வாழ்ந்தால் குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் உரிமையோடு கேள்வி கேட்பார்கள். அவர் இறந்த பிறகு நிறுவனம் நகரத்தைக் கைவிட்டுப் பூங்காவைத் தேர்ந்ததில் இந்த அச்சத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. சுற்றிப் பார்க்க வருபவர் மாலையில் வீடு திரும்பிவிடுவார், மனு எழுத மாட்டார்.

விளம்பரம் இடையில் நுழைந்த தீங்கு என்பதும் சரியன்று. 1955-இன் டுமாரோலேண்டிலேயே அலுமினிய நிறுவனமும் வேதிப்பொருள் நிறுவனமும் தத்தம் அரங்குகளை வைத்திருந்தன. ‘நாளைய குளியலறை’ என்றுகூட ஒன்று அடுத்த ஆண்டு வந்தது. 1957-இல் மான்சாண்டோ நிறுவனம் நெகிழியால் ஒரு ‘எதிர்கால வீடு’ கட்டியது. அதன் சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பைக் காட்டினார்கள், அது பலித்தது. 1967-இல் அதை இடிக்கப் போனபோது இடிக்கும் இரும்புக் குண்டு சுவரில் பட்டுத் துள்ளித் திரும்பியதாம். ஒரே நாளில் முடிய வேண்டிய வேலைக்கு இரண்டு வாரம் பிடித்தது. நெகிழி அழியாது என்ற எதிர்காலச் செய்தியை அந்த வீடு சரியாகவே சொல்லிவிட்டுப் போயிற்று, கேட்பதற்குத்தான் ஆளில்லை. அடித்தளம் இன்றும் அங்கே பூந்தொட்டி மேடையாக இருக்கிறது.

தக்கலைத் தம்பிக்கு இன்னொன்று. டிஸ்னி அந்தப் படத்தில் பேசிய அதே 1966-இல்தான் நம் மாத்தூர்த் தொட்டிப்பாலம் கட்டப்பட்டது. பறளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. இன்று அதைச் சுற்றுலாத் தலமாக்கிப் படம் பிடித்துக்கொள்கிறோம். கட்டியவர்கள் மனத்தில் இருந்தது வறண்டு கிடந்த விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களின் வயல்கள். உங்கள் அரங்கில் 2055-ஐ வைக்குமுன், 1966-இல் இந்த மாவட்டத்துக்காரர்கள் எதை எதிர்காலம் என்று நினைத்தார்கள் என்பதை ஒரு சுவரிலாவது வையுங்கள்.

தக்கலை வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இளைஞர்களோடு இதையெல்லாம் வாசித்தோம். பறக்கும் டாக்சியை விட்டுக்கொடுக்க ஒருவருக்கு மட்டும் மனமில்லை. அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், கழற்றும்படி திருகாணியில் மாட்டப் போகிறோம். ஒரு சுவர் டீச்சர் சொன்னபடி தொட்டிப்பாலத்துக்கு. இன்னொரு சுவரில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள். அங்கே பழைய சிறிய காற்றாலைக்குப் பக்கத்திலேயே அதைவிடப் பல மடங்கு பெரிய புதியது நிற்பதை எல்லோரும் பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிறோம். ஆண்டுதோறும் போய்ப் புதிய படம் எடுத்து மாட்டுவது என்று முடிவு.

நடுமேசையில் நகரம் எதுவும் வைக்கவில்லை. மாவட்டக் கடற்கரையின் வரைபடத்தை மட்டும் விரித்து, கடலரிப்பு உள்ள ஊர்களைக் குறித்து, இங்கே தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்தடுப்பு) போடலாமா, வீடுகளை உள்ளே நகர்த்தலாமா, இப்படியே விடலாமா என்று மூன்று பொத்தான்கள் வைக்கிறோம். எத்தனை பேர் எதை அழுத்தினார்கள் என்ற எண்ணிக்கை மேலே தெரிய வேண்டும். மின்பணியாளர் அண்ணாச்சி, அந்த எண்ணும் பலகைக்கு என்ன செலவாகும் என்று தனிச்செய்தியில் சொல்வீர்களா? கொடைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.