மஞ்சள் கறையும் மூடிய கண்ணும்

போன வைகாசியில் எங்கள் அப்பத்தாவுக்குத் தலைத்திவசம். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்கு வருகிறார்களே என்று, பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, உள்ளே இருந்த போட்டோக்களைப் பட்டாசாலையில் மாட்டலாம் என்றேன். 63 படங்கள் தேறின. நாலைந்து, சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. (அப்படி இருந்தால் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள்.)

நான் செய்த தப்பு, நல்லதாக நாலு படத்தை லேபில் கொடுத்துக் கறை நீக்கிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டது. ஒரு கல்யாணக் குரூப் போட்டோவின் ஓரத்தில் தாத்தாவின் தம்பி நிற்பார். சின்ன வயதிலேயே காலராவில் போனவர், அவருக்கு இருப்பது அந்த ஒரே படம். முகத்தை மட்டும் வெட்டி ஏ4 அளவில் மாட்டியிருந்தேன்.

அவருடைய அக்கா, அப்பாவின் அத்தை, 84 வயது. அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "இது யாருப்பா, நம்ம ஆளு மாதிரி தெரியலையே" என்றார். பேர் சொல்லியும் நம்பவில்லை. உள்ளே போய்ப் பழைய குரூப் போட்டோவை எடுத்து வந்து கையில் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவேயில்லை, கீழ் மூலையைத்தான் பார்த்தார். அங்கே விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை.

"இது என் கைடா. நலுங்கு மஞ்சளோட தொட்டுட்டேன்னு எங்க அப்பா வைஞ்சாரு. இவன்தான் நான் தொட்டேன்னு சொல்லி அடி வாங்கிக்கிட்டான்."

லேபில் காசு கொடுத்து நான் அழித்தது அந்தக் கறையைத்தான்! மத்தியானத்துக்குள் பெரிய பிரிண்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு, பழைய படங்களையே கயிற்றில் துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். அதில் ஒரு நல்லது, பின்பக்கமும் தெரிந்தது. ஸ்டூடியோ முத்திரை, தாத்தா கையெழுத்தில் கடன் கணக்கு, எவனோ எழுதிப் பார்த்த ஆனா ஆவன்னா.

சண்டை ஒரே படத்துக்குத்தான் வந்தது. கொள்ளுத்தாத்தா இறந்தபின் நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு எடுத்தது. அந்தக் காலத்தில் அது வழக்கம். உயிரோடு இருக்கும்போது எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்து, கடைசியில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். மூடிய இமைமேல் ஸ்டூடியோக்காரர் திறந்த கண்ணை வரைந்திருக்கிறார், ஒன்று லேசாக மாறுகண். பிள்ளைகள் பயப்படும் என்று அத்தை மாட்டவிடவில்லை. அப்பா சமாதானமாக உள் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். அப்புறம் பிள்ளைகள் எல்லாம் வரிசை கட்டி அந்தக் கதவுக்குப் பின்னால்தான்.

*

கிளிப் என்றதும் கிகாலி ஞாபகம் வந்தது. வேலை விஷயமாக ருவாண்டா போனபோது கிசோசி குன்றில் இருக்கும் இனப்படுகொலை நினைவகத்துக்குப் போனேன். 2004இல் திறந்தது, 1994இல் கொல்லப்பட்ட 2,50,000 பேருக்கு மேல் அந்த வளாகத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். உள்ளே ஓர் அறையில் குடும்பங்கள் கொடுத்த போட்டோக்கள் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்குகின்றன. கல்யாணம், பள்ளிக்கூடம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கும் அம்மா. நம் வீட்டு ஆல்பத்தில் இருப்பவைதான். சில கலர் படங்கள் செக்கச்செவேலென்று ஆகியிருந்தன. அந்தக் காலக் கலர் பிரிண்டில் நீலச்சாயம் முதலில் போய்விடும், எங்கள் அக்கா கல்யாண ஆல்பமும் அதே சிவப்புதான்.

குழந்தைகளுக்கென்று இன்னோர் அறை இருக்கிறது. பெரிய படங்கள், கீழே அந்தக் குழந்தைக்குப் பிடித்த சாப்பாடு முதற்கொண்டு எழுதியிருக்கும். அங்கேதான் அழுவேன் என்று நினைத்தேன். இல்லை, அந்தச் சிவந்துபோன படங்களுக்கு முன்னால்தான் நிற்க முடியவில்லை.

*

மேலே சொன்னவர் வேறு, நான் வேறு. நான் இலங்கையில் கிளிநொச்சி. எங்கட பக்கத்தில் படம் மாட்டுவது வேறு விதம். 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினபோது, கொட்டில் முழுக்கப் படங்கள்தான். வந்தவர்கள் படங்களைப் பார்க்க, அம்மாமார் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு இருப்பினம்.

என்ர சின்னம்மாவும் போவா. மகனின்ர படம் ஒன்றுதான் மிஞ்சினது. பாஸ்போர்ட் அளவு, தோளில் அரைவாசி ரப்பர் முத்திரை. முள்ளிவாய்க்கால் வரைக்கும் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. ஈரத்தில் ஒரு பக்கம் வெளுத்துப்போச்சு.

பெரிசாக்க வேணும் என்று கேட்டபோது அதை ஒருவர் கையிலும் கொடுக்கமாட்டன் என்றிட்டா. தானே பிடித்துக்கொண்டு நிற்க, நான் போனில் எடுத்தேன். படத்தின் ஓரத்தில் அவவின்ர பெருவிரலும் விழுந்திட்டுது. பிரிண்ட் கடைப் பொடியன் கொம்பியூட்டரில் பார்த்துப்போட்டு, "அன்ரி, விரலை வெட்டிவிடவா?" என்று கேட்டான்.

"கிடக்கட்டும் தம்பி" என்றா சின்னம்மா.