மாசம் 300 ரூபா பிடிச்சும் ஆஸ்பத்திரில முன்பணம் கேக்காங்க, சங்கம் என்ன பேசணும்?

தக்கலை டீச்சர்:
உதவிபெறும் ஸ்கூல்ல வேலை பாக்கேன். சம்பளத்துல என்ஹெச்ஐஎஸ்னு, அதான் அரசு ஊழியர், ஆசிரியருக்கான ஹெல்த் இன்சூரன்ஸ், அதுக்கு மாசாமாசம் 300 பிடிக்காங்க, 2016 திட்டத்துல 180 தான். போன மாசம் வீட்டுக்காரருக்கு பித்தப்பை ஆபரேஷன், திட்டத்தோட லிஸ்ட்ல உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம், கார்டை காட்டியும் கவுண்டர்ல மொதல்ல 40 ஆயிரம் கட்டுங்க, அப்ரூவல் வந்தா திருப்பி தாறோம்னுட்டாங்க, வளையல அடகு வச்சு கட்டினேன். அப்ரூவல் வந்தும் முழுசா வரல, கேட்டா அந்த ஆபரேஷனுக்குன்னு வச்சிருக்கிய பேக்கேஜ் ரேட்டுல மிச்சம் வராதாம். சனிக்கிழமை வட்டார சங்க கூட்டத்துக்கு கோரிக்கை எழுதணும். பிடித்தத்த குறைக்கச் சொல்லவா?

குழித்துறை சார்:
குறைக்கச் சொல்லி மட்டும் எழுதாதீங்க டீச்சர். 2008ல மாசம் 25 ரூபாக்கு 2 லட்சம் வரைக்கும் கவர், 2012ல 4 லட்சம், 2021 ஜூலைல இருந்து 300, நாலு வருசத்துக்கு 5 லட்சம், குறிப்பிட்ட பெரிய நோய்க்கு 10 லட்சம். பைசாவும் கூடுது கவரும் கூடுது, கவுண்டர்ல நடக்கியது மட்டும் மாறல. ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறது அரசும் இன்சூரன்ஸ் கம்பெனியும், பைசா போறது நம்ம சம்பளத்துல, அதனால டெண்டர் விடுறதுக்கு முன்னாலயே சங்கங்கள கூப்பிட்டு பேசணும்னு மொதல்ல எழுதுங்க, கையெழுத்தான பிறகு கத்தினா அடுத்த ஒப்பந்தம் வரைக்கும் இதேதான். முன்பணம் வாங்குன ஆஸ்பத்திரிய லிஸ்ட்ல இருந்து தூக்கணும், எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவுங்கிற ரேட்டு நம்ம கைக்கு வரணும்.

தோவாளை:
300ஐயும் அரசே கட்டணும்னு கேக்கணும் சார், நாம ஏன் குடுக்கணும்?

குழித்துறை சார்:
கேக்கலாம், தப்பில்ல. ஆனா அத மட்டும் கேட்டா பேச்சு அதுலயே நின்னுபோவும், டீச்சர் மாதிரி அடகு வைக்கியவங்க பாடு அப்படியேதான் இருக்கும்.

கொல்லங்கோடு அக்கா:
அம்மா அப்பாவையும் திட்டத்துல சேக்கணும்னு எழுதுங்க. கல்யாணம் ஆகாதவங்களுக்குத்தான் பெத்தவங்க வருவாங்க, ஆனதும் வெட்டிடுறாங்க, வயசான காலத்துல பாக்கியது நாமதானே. அப்புறம் எல்லையில உள்ள எங்களுக்கு அவசரம்னா திருவனந்தபுரம்தான் பக்கம், அந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இல்லன்னா பைசா தர மறுத்துருவாங்க. மத்திய அரசு பென்ஷனர் ஒருத்தர் வழக்குல லிஸ்ட்ல இல்லங்கிற ஒரே காரணத்துக்கு மறுக்கக்கூடாதுன்னு 2018லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு, அதையும் எழுதுங்க.

தோவாளை:
டீச்சர், வராத பைசாவ விட்றாதீங்க. விவரமான பில்லு, டிஸ்சார்ஜ் சம்மரி, முன்பணம் கட்டுன ரசீது எல்லாம் வச்சு ஹெச்எம் வழியா மனு போடுங்க, கலெக்டர் தலைமையில இதுக்குன்னே மாவட்ட குழு இருக்கு. பில்லு ஒரே வரில மொத்தமா குடுத்திருந்தா பிரிச்சு தரச் சொல்லி வாங்குங்க.

தக்கலை டீச்சர்:
மொத்தமாத்தான் குடுத்திருக்காங்க. நாளைக்கே போய் பிரிச்சு வாங்குறேன்.