4-ஆம் எண் ஊதாச் சட்டை

குழு: வடக்குமாசி வீதி வீடு
சனிக்கிழமை

சுந்தரம் மாமா: (புகைப்படம்)

சுந்தரம் மாமா: இங்கே மினசோட்டாவில் காயத்ரி வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் கராஜ் சேல், அதாவது வீட்டுப் பழைய சாமான் விற்பனை, போட்டிருந்தார்கள். இந்த ஊதாச் சட்டை 3 டாலர். நல்ல துணி. காலையில் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்தேன். ஒருவர் ஓடி வந்து கைகொடுத்தார். இன்னொருவர் முதுகைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். அப்படி என்னதான் எழுதியிருக்கிறது?

ராஜி அத்தை: யார் போட்ட சட்டையோ. துவைக்காமல் போடாதீர்கள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன்.

பெரியப்பா: மாப்பிள்ளை, ஃபாவ்ரே என்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரரா?

காயத்ரி: அதை ஃபார்வ் என்று சொல்லணும் பெரிய மாமா. எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது ஒரு மாதிரி. எனக்கு அதற்கு மேல் தெரியாது, நாங்கள் இங்கே வந்தது 2016-இல்தான். செந்தில் அத்தான் அப்போது மினியாபொலிஸில் இருந்தார். அவரைக் கேளுங்கள்.

செந்தில்: ஐயோ மாமா, அந்தச் சட்டையா! இந்த ஊரில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேருக்கு வயிறு எரியும்.

செந்தில்: பிரெட் ஃபார்வ். அமெரிக்கக் கால்பந்து. 1992 முதல் 2007 வரை கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் ஆடியவர். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினின் அணி அது. நம் மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் பரம வைரி. 2008-இல் அழுதுகொண்டே ஓய்வு அறிவித்தார். சில மாதத்தில் மனம் மாறி ஜெட்ஸ் அணிக்குப் போனார். மறுபடி ஓய்வு. 2009-இல் மறுபடி மனம் மாறி, வைரி வீட்டுக்கே, அதாவது இங்கே வந்துவிட்டார்.

பிரபு: அரசியல்வாதி ஆகியிருக்க வேண்டியவர்.

பெரியப்பா: என்ன இடத்தில் ஆடினார்?

செந்தில்: குவாட்டர்பேக். உங்கள் வாலிபாலில் செட்டர் மாதிரி பெரியப்பா. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். யாருக்குக் கொடுப்பது, எங்கே எறிவது எல்லாம் அவர் கையில்.

பெரியப்பா: செட்டர் என்றால் புரிகிறது. அணியில் தலைக்கனம் அதிகம் உள்ள பையனும் அவன்தான், மூளை அதிகம் உள்ள பையனும் அவன்தான்.

செந்தில்: இன்னொரு வேடிக்கை கேளுங்கள். குவாட்டர்பேக் தலைக்கவசத்துக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருக்கும். அடையாளத்துக்காகக் கவசத்தின் பின்பக்கம் பச்சைப் பொட்டு ஒட்டியிருப்பார்கள். பயிற்சியாளர் தரப்பு வெளியிலிருந்து அதில்தான் திட்டத்தைச் சொல்லும். ஒவ்வொரு முறையும் பந்தை எடுத்து ஆடத் தரும் நேரத்தில் 15 வினாடி மிச்சம் இருக்கும்போது இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். அவர்கள் பேசலாம், இவர் கேட்கலாம். இவர் பதில் பேச வழி கிடையாது.

ராஜி அத்தை: இதை எங்கே வாங்கலாம்?

சுந்தரம் மாமா: எனக்கு 40 வருடமாக மாட்டித்தான் இருக்கிறது. 15 வினாடியில் துண்டிக்கும் வசதிதான் இல்லை.

காயத்ரி: அப்பா 😄

செந்தில்: அந்த 15 வினாடியில்தான் வம்பே. எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, சொன்ன திட்டத்தைக் குவாட்டர்பேக் கத்தி மாற்றலாம். ஆடிபிள் என்பார்கள். அனுபவசாலி ஆனவர் சும்மா இருப்பாரா? இங்கே பயிற்சியாளர் பிராட் சில்ட்ரெஸ். 2006-இலிருந்து தலைமைப் பயிற்சியாளர். தான் வரைந்த கோட்டுக்குள்தான் எல்லாம் நடக்கவேண்டும் என்பவர்.

பெரியப்பா: அதில் என்ன தப்பு? பயிற்சியாளர் பேச்சைக் கேட்காத அணி அணியே இல்லை.

பிரபு: அப்பா, கேஸ் புக் பண்ணியாச்சா? அம்மா கேட்கிறார்கள்.

பெரியப்பா: பண்ணியாச்சு. செந்தில், நீ சொல்லு.

செந்தில்: முதல் தப்பு ஆட்டம் தொடங்கும் முன்பே நடந்துவிட்டது. 2009 ஆகஸ்ட் 18. ஃபார்வ் வருகிறார் என்று செய்தி. செயின்ட் பால் விமான நிலையத்துக்கு யார் போய்க் கூட்டி வந்தார் தெரியுமா? சில்ட்ரெஸ். தானே வண்டி ஓட்டி. மேலே தொலைக்காட்சி ஹெலிகாப்டர்கள் பின்தொடர, நேரலை. எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை, எல்லாரும் ஒரு கறுப்பு வண்டி சாலையில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று வாரம் முன்னால்தான் அந்த மனிதர் வரவில்லை என்று சொல்லியிருந்தார். பயிற்சி முகாமில் மற்ற பையன்கள் எல்லாம் வெயிலில் வியர்வை சிந்தி முடித்தாயிற்று. இவர் அதற்கப்புறம் வந்து இறங்குகிறார்.

பெரியப்பா: சீ. மாவட்டப் போட்டிக்குக்கூட நான் ஒரு பையனைப் போய் வீட்டிலிருந்து அழைத்து வந்ததில்லை.

ராஜி அத்தை: பொய் சொல்லாதே அண்ணே. உன் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஒருவனைக் கூட்டி வந்தாய். நான் பார்த்தேன்.

பெரியப்பா: அவன் வீட்டில் பஸ்ஸுக்குக் காசு இல்லை. அது வேறு.

சுந்தரம் மாமா: சரி, வந்தவர் ஆடினாரா?

செந்தில்: ஆடினாரா என்று கேட்காதீர்கள் மாமா. அக்டோபரில் 40 வயது. அந்தப் பருவத்தில் அவர் எறிந்து 33 டச்டவுன், அதாவது பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்ப்பது. எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது 7 தடவைதான். பேக்கர்ஸை இரண்டு முறையும் தோற்கடித்தார். டிசம்பர் நடுவில் 11 வெற்றி, 2 தோல்வி. வருடம் முழுக்கத் திட்டித் தீர்த்தவர்கள் எல்லாம் இந்த ஊதாச் சட்டை வாங்கினார்கள். உங்கள் 3 டாலர் சட்டை அப்படி வாங்கியதாகத்தான் இருக்கும்.

செந்தில்: அப்புறம் வந்தது 2009 டிசம்பர் 20. கரோலினாவில் இரவு ஆட்டம். அன்றைக்குப் பகலிலேயே பேக்கர்ஸ் தோற்றதால் பிரிவில் வைக்கிங்ஸ் முதலிடம் உறுதி. எதிரணியில் ஜூலியஸ் பெப்பர்ஸ் என்று ஒரு மலை. ஃபார்வின் இடப்பக்கம் காக்க வேண்டிய மெக்கின்னியை உரித்துத் தொங்கவிட்டார். கடைசியில் மெக்கின்னியை உட்காரவைத்தார்கள். ஃபார்வுக்கு அடிமேல் அடி. மூன்றாவது கால் பகுதி, வைக்கிங்ஸ் 7–6 என்று முன்னிலை. சில்ட்ரெஸ் போய், நீ வெளியே வா என்கிறார்.

பிரபு: முன்னிலையில் இருக்கும்போதா?

செந்தில்: ஆமாம். ஃபார்வ் முடியாது என்றுவிட்டார். எல்லையோரத்தில் இரண்டு பேரும் வாய்ச்சண்டை. கேமரா எல்லாம் அங்கேதான். கடைசியில் யார் சொன்னது நடந்தது? ஃபார்வ் ஆடினார்.

பெரியப்பா: போச்சு. அந்த நிமிடமே அந்தப் பயிற்சியாளர் கதை முடிந்தது.

சுந்தரம் மாமா: மச்சான், ஜெயிக்கிற நேரத்தில் யாராவது வெளியே வருவார்களா? எனக்கு அந்த ஆள் பக்கம்தான் நியாயம்.

ராஜி அத்தை: 40 வயதுக்காரருக்கு அடிபடக்கூடாது என்று நினைத்தது தப்பா? முதலிடம்தான் உறுதியாகிவிட்டதே.

செந்தில்: அத்தை, சில்ட்ரெஸும் அப்படித்தான் சொன்னார், அடிவாங்குவதால் எடுக்க நினைத்தேன் என்று. ஆனால் அந்த ஆட்டம் 26–7 என்று தோற்றுப்போனது. முடிந்ததும் ஃபார்வே செய்தியாளர்களிடம், ஆமாம், காரசாரமாகப் பேசிக்கொண்டோம் என்று ஒப்புக்கொண்டார். வீட்டுச் சண்டை தெருவுக்கு வந்தாயிற்று.

பெரியப்பா: (குரல் செய்தி 2:14)

காயத்ரி: பெரிய மாமா, குழந்தை தூங்குகிறது, எழுதுங்களேன்.

பெரியப்பா: சரி. எனக்கு இதே மாதிரி ஒன்று நடந்தது. மாவட்ட அரையிறுதி. என் செட்டருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. வெளியே வா என்றேன். வரமாட்டேன் சார் என்றான். பள்ளிக்கூடமே சுற்றி நிற்கிறது. நானும் விட்டுவிட்டேன். தோற்றோம். அடுத்த ஆட்டத்தில் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். காலுக்காக என்று சொன்னேன். காலுக்காக இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

ராஜி அத்தை: சைக்கிளில் கூட்டி வந்தாயே, அவனா?

பெரியப்பா: ம்.

(சற்று நேரம் யாரும் எழுதவில்லை)

சண்முகம் சித்தப்பா: (காலை வணக்கம் படம்)

பிரபு: சித்தப்பா, மணி மாலை ஏழு.

சுந்தரம் மாமா: செந்தில், கோப்பை ஜெயித்தார்களா இல்லையா, அதைச் சொல்லு.

செந்தில்: ஒரு படி முன்னால் விழுந்தார்கள். 2010 ஜனவரி 24, நியூ ஆர்லியன்ஸில் செயின்ட்ஸுடன். ஜெயித்தால் சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டி. 28–28. கடிகாரத்தில் 19 வினாடி. இன்னும் சில யார்டு நகர்ந்தால் உதைத்தே மூன்று புள்ளி எடுக்கலாம். இடைவேளை எடுத்துப் பேசிவிட்டு வருகிறார்கள். வந்து நின்றால் 11 பேருக்குப் பதில் 12 பேர்!

பிரபு: என்னது?

செந்தில்: 5 யார்டு தண்டனை. எதிரணி எல்லையிலிருந்து 33 யார்டில் இருந்த பந்து 38-க்குப் பின்னால் போனது. அடுத்து ஃபார்வ் வலப்பக்கம் ஓடுகிறார். முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது, ஓடியே விழுந்திருக்கலாம். அவர் உடம்பைத் திருப்பி நடுக்களத்துக்கு எறிந்தார். எதிரணியின் ட்ரேசி போர்ட்டர் பிடித்துக்கொண்டார். கூடுதல் நேரத்தில் 31–28. நான் அன்று இரவு சாப்பிடவில்லை.

பெரியப்பா: 12 பேர் நின்றது பயிற்சியாளர் தப்பு. எறிந்தது ஆட்டக்காரர் தப்பு. ஆளுக்கு ஒன்று.

செந்தில்: ஊரில் அதைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொண்டவர் அந்தப் பந்தைத்தான் நினைத்திருப்பார்.

செந்தில்: அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த ஆகஸ்டில் இவர் மறுபடி வரலாமா வேண்டாமா என்று இழுத்தார். கணுக்கால் அறுவை வேறு. சக ஆட்டக்காரர்கள் மூன்று பேர் மிசிசிப்பியில் அவர் ஊரான ஹாட்டிஸ்பர்க் வரை விமானத்தில் போய்க் கூட்டி வந்தார்கள்.

பெரியப்பா: மறுபடியும் வெற்றிலை பாக்கா!

செந்தில்: 2010-இல் எதுவும் ஒட்டவில்லை. அக்டோபரில் கிரீன் பேயில் மூன்று பந்தைப் பறிகொடுத்துத் தோற்றார்கள். சில்ட்ரெஸ் இந்தமுறை செய்தியாளர் முன்னாலேயே ஃபார்வைக் குறை சொன்னார். ராண்டி மாஸ் என்ற பெரிய ஆட்டக்காரரை வாங்கி, நாலு ஆட்டத்தில் சில்ட்ரெஸ் வெளியே அனுப்பினார். நவம்பர் 21, சொந்த மைதானத்தில் பேக்கர்ஸிடம் 31–3. மறுநாள் சில்ட்ரெஸுக்கு வேலை போனது. ஒரு வருடம் முன்னால்தான் 2013 வரை ஒப்பந்தம் நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள்.

ராஜி அத்தை: அப்போ அந்த ஆள் ஜெயித்துவிட்டாரா?

செந்தில்: அதையும் கேளுங்கள். 1992-இலிருந்து ஒரு ஆட்டம்கூட விடாமல் 297 ஆட்டம் தொடக்கத்திலேயே களமிறங்கியவர். தோளில் அடி. டிசம்பர் 12 அன்று பனி தாங்காமல் இங்கே மைதானத்துக் கூரையே கிழிந்து விழுந்தது. ஆட்டத்தை மறுநாள் டெட்ராய்டுக்கு மாற்றினார்கள். ஒருநாள் கூடுதலாகக் கிடைத்தும் முடியவில்லை, 297-இல் நின்றது. அடுத்த ஆட்டம் பல்கலைக்கழகத் திறந்த மைதானத்தில், தரை உறைந்து கல்லாக. அதில் இறங்கினார். இழுத்துத் தள்ளியதில் தலை தரையில் மோதி மூளை அதிர்ச்சி. அதுதான் கடைசி ஆட்டம்.

செந்தில்: அந்தத் தேதி 2010 டிசம்பர் 20.

பிரபு: கரோலினாவில் வெளியே வரமாட்டேன் என்று சொன்ன அதே தேதியா?

செந்தில்: அதே தேதி. சரியாக ஒரு வருடம்.

ராஜி அத்தை: இப்போது எப்படி இருக்கிறார்?

செந்தில்: பார்க்கின்சன்ஸ் இருப்பதாக 2024 செப்டம்பரில் அவரே சொன்னார் அத்தை.

ராஜி அத்தை: பாவம்.

சுந்தரம் மாமா: நான் பேச்சை மாற்றிக்கொள்கிறேன் மச்சான். அன்றைக்கு வெளியே வந்திருக்கலாம்.

பெரியப்பா: இல்லை மாப்பிள்ளை. எனக்கு இப்போது அவன் பக்கமும் கொஞ்சம் தெரிகிறது. போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தோம் என்றால், எங்களால் முடியாது நீதான் வேண்டும் என்று சொல்லித்தானே கூட்டி வந்தோம். அப்புறம் நடுவில் போ என்றால் அவன் எப்படிப் போவான்?

காயத்ரி: பெரிய மாமா, 14-ஆம் தேதி அப்பாவும் அம்மாவும் வரும்போது மதுரை விமான நிலையத்துக்கு யார் வருகிறீர்கள்? பெட்டி நாலு இருக்கிறது.

பெரியப்பா: நானே வருகிறேன்.

சுந்தரம் மாமா: வேண்டாம் மச்சான், டாக்ஸி பிடித்து வருகிறோம். நீங்கள் கூட்டிப் போனால் அப்புறம் உங்கள் பேச்சை நான் கேட்க மாட்டேன்.

பெரியப்பா: இதுவரை கேட்டீர்களா? பிரபு வண்டியை எடுக்கச் சொல்கிறேன். அந்தச் சட்டையைத் துவைத்துக் கொண்டு வாருங்கள், எனக்கு வேண்டும்.

ராஜி அத்தை: இரண்டு தடவை துவைக்கணும். ஊதா போகிறது.