மறு: வெர்டிகோவுக்கு ஒரு சொல் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

மதுரை பிசியோ எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். நான்கு பக்கக் கையேடு ஒன்று திங்கள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். தலைசுற்றலோடு வருகிறவர்கள் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் அதில் இருக்கின்றன. படங்கள் ரெடி, சொற்களில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், போன மாதம் ஓர் அம்மா வந்தார். வேறு இடத்தில் "மயக்கம்" என்று சொல்லியிருக்கிறார். அங்கே குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள், கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று பட்டையும் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் பட்டையோடு திரிந்திருக்கிறார். "மயக்கம்னா எப்படிம்மா வருது?" என்று கேட்டேன். "இடது பக்கம் பொரண்டு படுத்தா உத்தரம் அப்படியே சுத்துது. கண்ண இறுக மூடிக்குவேன், அடங்கிரும்" என்றார். தலையை இடப்பக்கம் திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தேன். சில நொடிகளில் கருவிழிகள் சுழன்று மேல்நோக்கித் துடித்தன, இருபது நொடிக்குள் நின்றும் போயின. உட்காதில் இருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான். எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை வந்த வழியே அனுப்பினேன். பட்டையை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

காது, சமநிலைக் கோளாறுகளை ஆராய்கிறவர்களின் சர்வதேச அமைப்பான பரானி சங்கம் 2009இல் வகுத்த வரையறை இது: அசையாமல் இருக்கும்போதே அசைவதாக உணர்வது வெர்டிகோ. அசைவதான உணர்வு எதுவும் இல்லாமல், இருக்கிற இடமே பிடிபடாத மாதிரி இருப்பது டிஸ்ஸினஸ். உட்கார்ந்திருக்கும்போதோ நிற்கும்போதோ நடக்கும்போதோ நிலைகொள்ளாமல் போவது தனி. நாம் மூன்றையும் மயக்கம் என்கிறோம். எனக்கு மூன்று சொல் வேண்டும். கூடவே "வெஸ்டிபுலர் ரிஹாபிலிடேஷன்", அதாவது உட்காதின் சமநிலை உறுப்பு கெட்டவர்களுக்கான பயிற்சிச் சிகிச்சை, அதற்கும் ஒன்று.

கோவையிலிருந்து, காது மூக்கு தொண்டை:

வெர்டிகோ என்றே போடுங்கள் மேடம். என்னிடம் வரும் பாட்டிமார்கூட "எனக்கு வெர்டிகோ இருக்குங்க" என்றுதான் உட்காருகிறார்கள். புதுச்சொல் போட்டால் அதற்கு அடைப்புக்குறியில் இன்னொரு சொல் போடணும்.

மதுரை பிசியோ:

சிக்கலே அங்கேதான் டாக்டர். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கப் பயந்தாலும் வெர்டிகோ, கழுத்து வலித்தாலும் வெர்டிகோ, ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டினாலும் வெர்டிகோ. மயக்கத்துக்கு நடந்தது இதற்கும் நடந்துவிட்டது.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, இதற்கு ஏன் தவிக்கிறீர்கள்? தொல்காப்பியர் உரியியலில் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே: "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி". வெர்டிகோ அலமரல், டிஸ்ஸினஸ் தெருமரல். வேலை முடிந்தது.

மயக்கம் என்ற சொல்லையும் பழிக்க வேண்டாம். அதன் பழம்பொருள் கலத்தல். மெய்ம்மயக்கம், திணைமயக்கம், வேற்றுமைமயக்கம் எல்லாம் படித்தவர்கள்தானே நாம்? கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல, பாதம் வேறொன்று சொல்ல, மூன்று செய்தியும் மூளையில் மயங்குகின்றன. உங்கள் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் உண்டா? இன்னொன்று, லத்தீனில் "வெர்த்தெரே" என்றால் திரும்புதல். நம் வட்டம், வட்டு, வட்டணை இவற்றின் வேரும்...

சிங்கப்பூர், மொழிபெயர்ப்பாளர்:

> நம் வட்டம், வட்டு, வட்டணை இவற்றின் வேரும்

ஐயா, வட்டத்துக்குள் இறங்கினால் திங்கட்கிழமை வந்துவிடும். என் கேள்வி ஒன்றுதான். "உங்களுக்கு அலமரல் எத்தனை நாளாக?" என்று வெளிநோயாளி வரிசையில் கேட்டால் என்ன பதில் வரும்? என் ஓட்டு கிறுகிறுப்புக்கு. சின்ன வயதில் கையை விரித்துத் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றால் வருமே, அது. ஏன், தட்டாமாலை என்றே வைத்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

கோவை:

தட்டாமாலை ஜோர். நின்ற பிறகும் உலகம் சுற்றுவது எதனால் என்பதற்கும் அதுதான் பாடம்: குழலுக்குள் இருக்கும் திரவம் உடம்போடு சேர்ந்து உடனே நிற்பதில்லை. ஆனால் கிறுகிறுப்பு ஆகாது. கிறுக்கு அதற்குப் பங்காளி. ஏற்கெனவே பாதிப் பேர் "மனசுல பிரச்சினைங்கிறீங்களா டாக்டர்?" என்று கேட்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கம் தலைச்சுத்து என்று சொன்னாலே போதும், எல்லாருக்கும் விளங்கும். நான் எழுத வந்தது ரிஹாபிலிடேஷன் பற்றி. இங்கே அதற்குப் புனர்வாழ்வு என்று சொல் இருக்கிறது. 2009க்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் ஆட்களுக்கு ஞாபகம் வருவது முள்வேலியும் முகாமும். தயவுசெய்து கையேட்டில் அதைப் போட வேண்டாம்.

மதுரை பிசியோ:

நன்றி அண்ணா. எனக்கு அது தோன்றவே இல்லை. இங்கே மறுவாழ்வு என்று முதல் வரைவில் போட்டிருந்தேன். படித்துப் பார்த்த ஒருவர், "நான் குடிக்கிறதே இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வரியில் தள்ளாட்டம் என்று வேறு இருந்தது. இரண்டும் சேர்ந்து குடிநோய் மைய நோட்டீஸ் மாதிரி ஆகிவிட்டது. தள்ளாட்டத்தைத் தடுமாற்றமாக மாற்றியாயிற்று.

கும்பகோணம்:

வெஸ்டிபுலுக்கு நேர்பொருள் வாசலையடுத்த நடை, முன்றில். இல்முன் என்பது மாறி முன்றில் ஆனது, இலக்கணப்போலி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நான் இடைகழி என்பேன். திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய பொய்கையார், பூதத்தார், பேயார் மூவரும் நெருக்கியடித்து நின்ற இடம் இடைகழி. காதிலும் அரைவட்டக் குழல்கள் மூன்று, மூன்றும் வந்து கூடுவது வெஸ்டிபுலில்! அதனால் இடைகழி நரம்பு, இடைகழிப் பயிற்சி.

சிங்கப்பூர்:

மெய்சிலிர்த்துவிட்டது ஐயா, உண்மையாகவே. ஆனால் இடைகழி ரேழியாகி, ரேழியும் இடிபட்டு, இப்போது எல்லாரும் அபார்ட்மென்டில் இருக்கிறோம். அந்த உறுப்பு செய்யும் வேலை என்ன? சமநிலை. சமநிலைப் பயிற்சி என்று போட்டால் போதாதா?

கோவை:

போதும். ஒரே ஒரு குறை: சமநிலை என்றால் ஒற்றைக் காலில் நிற்பது என்று நினைத்துக்கொள்வார்கள். பயிற்சியில் பாதி கண்ணுக்கு. தலை ஒரு பக்கம் திரும்பும்போது கண் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பினால்தான் பார்ப்பது கலங்காது. ஒரு காது கெட்டால் முதலில் கெடுவது அந்தக் கணக்கு.

மதுரை பிசியோ:

அதற்குத்தான் தினசரி காலண்டர் வைத்திருக்கிறேன். தேதித் தாளைக் கண்மட்டத்தில் சுவரில் ஒட்டி, எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் "வேண்டாம், வேண்டாம்" என்பது போல ஆட்ட வேண்டும். எண் கலங்காத வேகம்தான் அன்றைக்கு அவருக்கான வேகம். இது கையேட்டில் இருக்கிறது, பெயரும் வைத்துவிட்டேன்: பார்வை நிறுத்தல்.

கெஞ்சிக் கேட்கிறேன், கடைசியாக ஒன்று: ஹாபிச்சுவேஷன். எந்த அசைவு தலைசுற்றலைக் கிளப்புகிறதோ அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்பச் செய்வது. 1940களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள் தொடங்கி வைத்தது. செய்யும்போது லேசாகச் சுற்றத்தான் செய்யும். அதற்குப் பயந்து நிறுத்துகிறவர்களும், சின்னரிசின் போன்ற அமுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும்தான் தேறாமல் இழுக்கிறார்கள். மூளைக்குப் பிழை தெரிந்தால்தானே அது திருத்திக்கொள்ளும்?

கும்பகோணம்:

"சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்." தலைப்பழக்கம் என்று வையுங்கள் அம்மா.

(இதற்கு யாரும் மறுப்பு எழுதவில்லை. இந்தக் குழுவில் இது அபூர்வம்.)

மதுரை பிசியோ, ஞாயிறு இரவு 11.40:

எல்லாருக்கும் நன்றி. முடிவாகப் போவது இது. மயக்கம் என்றால் நினைவு தப்புவது மட்டும். எழுந்து நின்றதும் வருவது கண் இருட்டல். வெர்டிகோ தலைசுற்றல், "நீங்களோ உங்களைச் சுற்றி இருப்பதோ சுழல்வது, சாய்வது, ஆடுவது போன்ற உணர்வு" என்று அருகில் ஒரு வரி. டிஸ்ஸினஸ் கிறுகிறுப்பு, டாக்டர் மன்னிக்கணும், நாலுக்கு மூன்று ஓட்டு. நிலைகொள்ளாமை தடுமாற்றம். தலைப்பு "சமநிலைப் பயிற்சி". முதல் பக்கத்திலேயே பெட்டி கட்டி, திடீர்த் தலைசுற்றலோடு இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, கை கால் மரத்துப்போவது, எழுந்து நிற்கவே முடியாதது இருந்தால் பயிற்சி எதுவும் வேண்டாம், பக்கவாதமாக இருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று போட்டுவிட்டேன்.

கோவை:

கிறுகிறுப்புக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐயாவின் அலமரல் வீண்போகவில்லை என்பதையும். சங்கப் பாட்டில் வரும் "அலமரல் மழைக்கண்" நினைவு வந்தது. துகள் நோயில் கருவிழி துடிக்கிறதே, நிஸ்டாக்மஸ், அதற்கு விழியலமரல் என்று மாணவர்களுக்கான ஸ்லைடில் போட்டுவிட்டேன். வகுப்பில் சிரிக்கத்தான் போகிறார்கள்.

கும்பகோணம்:

மகிழ்ச்சி டாக்டர். அம்மா, அச்சுக்குப் போகுமுன் ஒன்று. தலைசுற்றல் என்று எழுதினால் தலை எழுவாய், வலி மிகாது. ஆனால் உங்கள் இரண்டாம் பக்கத்தில் தலைச்சுற்று என்று இருக்கிறது. அது பெயர், அங்கே "ச்" வரும். மூன்றாம் பக்கத்தில் "தலைச்சுற்றல்". இது இரண்டிலும் சேராது. எது என்று முடிவு செய்யுங்கள்.

யாழ்ப்பாணம்:

தலைச்சுத்து.

மதுரை பிசியோ:

கோப்பு போய்விட்டது ஐயா. மூன்றாம் பக்கத்தில் "ச்" இருக்கிறது.