தேயிலை இல்லாத தேநீருக்கும் தேனில் விளையும் மதுவுக்கும் தமிழில் என்ன பெயர்?

கேட்டவர்: பாளைக் கடைக்காரி

வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டுத் திண்ணையை ஒட்டிச் சிறிய கடை வைத்து, ஆறு மாதங்களாக மூலிகைப் பானங்கள் விற்று வருகிறேன். சுக்குமல்லி, ஆவாரம்பூ, நன்னாரி, செம்பருத்தி, சங்குப்பூ என ஐந்து வகைகள். பலகையில் எல்லாவற்றுக்கும் ‘தேநீர்’ என்றே எழுதியிருந்தேன். சென்ற வாரம் வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆவாரம்பூத் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, “நன்றாக இருக்கிறது தாயி, ஆனால் இதில் தேயிலை எங்கே?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முதல் அந்தப் பலகை எனக்கே உறுத்துகிறது.

இதே நேரத்தில், போலந்து நாட்டில் வேலை பார்க்கும் என் தம்பியும் ஒரு பெயர் கேட்டுத் தொந்தரவு செய்கிறான். அங்கே வீட்டிலேயே தேனை நொதிக்கவைத்து மது செய்யப் பழகியிருக்கிறான். வெறும் தேனில் ஒன்று, கிராம்பும் பட்டையும் இட்டது ஒன்று, ஆப்பிள் சாறு சேர்த்தது ஒன்று என மூன்று கண்ணாடிக் குடங்கள் நிறைந்திருக்கின்றனவாம். அங்குள்ள தமிழ் நண்பர்களுக்குக் கொடுக்கும் புட்டிகளில் தமிழ்ப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும், ‘தேன் ஒயின்’ என்று மட்டும் எழுத மாட்டேன் என்கிறான்.

இரண்டுக்கும் பெயர் சொல்லுங்கள். என் செய்முறையில் பிழை இருந்தாலும் சொல்லுங்கள். ஐந்தையும் ஒரே விதமாக, தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுகிறேன்.

பொதிகைச் சாரல், அம்பாசமுத்திரம்:

அம்மா, தம்பியின் கேள்வி எளியது. அதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அவர் தேடுகிற சொல் ‘தேறல்’. தேறுதல் என்றால் தெளிதல். பொங்கி நுரைத்த கலங்கல் அடங்கி, மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பதுதான் தேறல். தேன் மது செய்பவருக்குப் பாதி வேலையே அதுதான் என்பதால், அந்தப் பெயர் செய்முறையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. திருமுருகாற்றுப்படையில் கானவர்கள் தம் சிறுகுடிச் சுற்றத்தோடு குடித்து மகிழ்வது ‘நீடமை விளைந்த தேக்கட் டேறல்’, அதாவது நெடிய மூங்கில் குழாயில் இட்டு முதிரவைத்த தேன் கள்ளின் தெளிவு. ஆகவே புதுச்சொல் உருவாக்கும் சிரமம் நமக்கு இல்லை. விட்ட இடத்தில் எடுத்துக்கொண்டால் போதும்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது, நம் பழஞ்சொற்கள் தேனையும் மதுவையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே. நறவு என்றால் தேன், மது இரண்டும். மட்டு என்றாலும் அப்படியே. வடமொழியிலிருந்து வந்த ‘மது’வுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு. ஆங்கிலேயர் இந்தப் பானத்தை ‘மீட்’ என்பதும், தம்பி இருக்கும் நாட்டார் தேனை ‘மியுட்’ என்பதும் அந்த ‘மது’வோடு ஒரே வேரில் பிறந்தவை. இந்த ஒற்றுமைக்குக் காரணம் ஏட்டில் இல்லை, தேனில்தான் இருக்கிறது. பாறையில் கட்டும் பெருந்தேனீயின் மலைத்தேனில் நீர்ப்பசை பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். அந்த அளவில் தேனோடு வந்த காட்டு ஈஸ்ட்டுகள் விழித்துக்கொள்ளும். மலைவாழ் பழங்குடியினரான காணிக்காரர்களிடம் வாங்கிய தேன் புட்டி மழைக்காலத்தில் திறந்தவுடன் ‘புஸ்’ என்று சீறுவதைப் பாபநாசம் பக்கம் பார்க்காதவர்கள் குறைவு. தேன் தானாகவே தேறலாகத் தொடங்குகிற பொருள் என்பதால், இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததில் தவறில்லை.

வகைப்பெயர்களுக்கு வருகிறேன். பழச்சாறு சேர்ந்தால் கனித்தேறல். அதிலேயே ஆப்பிள் தேறல், திராட்சைத் தேறல் என்று பிரித்துக்கொள்ளலாம். கிராம்பும் பட்டையும் இட்டதை மேலைநாட்டார் ‘மெத்தக்லின்’ என்கிறார்கள். அது வேல்ஸ் நாட்டுச் சொல். ‘மருத்துவம்’ என்ற பொருளும் ‘மது’ என்ற பொருளும் உடைய இரண்டு சொற்களின் கூட்டு. ஆகவே அதை மருந்துத் தேறல் என்றால் சொல்லுக்குச் சொல் பொருந்தும். ஆனால் மருந்துக்கடைச் சரக்கு என்று யாரேனும் மயங்கக்கூடும் என்பதால், நானாக இருந்தால் ‘மணத்தேறல்’ என்று எழுதுவேன்.

தென்காசி நாட்டுமருந்துக்கடை:

தங்கச்சி, பெயரை விடச் செய்முறைதான் உங்களிடம் முதலில் சரியாக வேண்டும். ஐந்தையும் ஒரே மாதிரிக் கொதிக்கவைப்பதால் சுக்கு அரைகுறையாக இறங்கும், பூக்கள் வெந்து போகும், நன்னாரியின் மணம் ஆவியோடு தெருவுக்குப் போய்விடும்.

வேர், பட்டை, விதை, சுக்கு போன்ற கடினமான சரக்குகளைத்தான் கொதிக்கவைக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் அதற்குப் பெயர் குடிநீர். சரக்கை இடித்து, நீரிலிட்டு, எட்டுக்கு ஒன்றாகவோ நாலுக்கு ஒன்றாகவோ வற்றவைப்பார்கள். நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் என்று ஊர் முழுக்கக் குடித்துப் பழகிய பெயர் அது. குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம்தான் என்பது பழைய கணக்கு. காலையில் காய்ச்சியதை மாலையில் சூடுபண்ணி விற்கக் கூடாது. மருந்துக்கு அந்த அளவு வற்றவைக்கலாம், கடையில் விற்கும் பானத்துக்குப் பாதியாக வற்றினால் போதும். சுக்கு வாங்கினால் மேல்தோலைச் சீவிவிட்டு இடியுங்கள். ‘சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு’ என்பது கடையில் எடுபிடியாகச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தரும் பாடம். மல்லியை இலேசாக வறுத்து, சுக்கைப் போல இரண்டு பங்கு எடுத்துக்கொண்டு, மிளகு கொஞ்சம், ஏலக்காய் அதைவிடக் கொஞ்சம். இனிப்புக்கு உடன்குடிக் கருப்பட்டி இருக்கும்போது வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

பூக்களுக்குக் கொதி வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீரை அவற்றின் மேல் ஊற்றி, மூடி வைத்து, ஐந்து நிமிடத்தில் வடித்துவிடுங்கள். மூடாமல் வைத்தால் மணம் நிற்காது. நன்னாரி வேரை நசுக்கிப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுவதே சரி, ஏனென்றால் அதன் வாசனைப் பொருள் சூட்டில் எளிதாகப் பறந்துவிடும். சங்குப்பூவில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாவது குழந்தைகளுக்குப் பிடிக்கும்; அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆவாரை வேறு, நிலாவரை வேறு. உலகம் முழுக்க மருந்துச் சந்தையில் ‘டின்னவெல்லி சென்னா’ என்று நம் ஊர்ப் பெயரோடு போகிற சரக்கு இந்த நிலாவரைதான். நிலவாகை என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் மஞ்சள் பூ. ஆனால் நிலாவரை இலையில் சென்னோசைடு என்னும் பேதிச்சரக்கு வலுவாக இருக்கிறது. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுக்க வேண்டிய அதை, உடல் மெலிவதற்கான தேநீர் என்று பொட்டலம் போட்டு நாள்தோறும் குடிக்கச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

பாளைக் கடைக்காரி:

அண்ணாச்சி, நிலாவரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடை தொடங்கிய இரண்டாவது மாதம் ஆவாரம்பூ கிடைக்காமல், ஆவாரை இலை என்று கேட்டு ஓர் இடத்தில் வாங்கி வந்தேன். முதல் கோப்பையை வழக்கம்போல் நானும் என் மாமியாரும்தான் குடித்தோம். அன்று இரவு இருவரும் மாறி மாறிக் கொல்லைப்புறம் போய்வந்த கதையை இங்கே விரிக்க வேண்டாம். தண்ணீர் சரியில்லை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி இலை வாங்குவதே இல்லை. முழுப் பூவாகக் கண்ணால் பார்த்துத்தான் வாங்குவேன்.

காய்ச்சுவதற்குக் குடிநீர் என்ற பெயரை எடுத்துக்கொள்கிறேன். ‘குடிநீர்’ என்று தனியாக எழுதினால் வாரியத் தண்ணீர் என்று நினைத்துக் குடத்தோடு வந்துவிடுவார்கள் என்பதால் ‘சுக்குமல்லிக் குடிநீர்’ என்று முழுதாகவே எழுதுவேன். வெந்நீரில் ஊறவைத்து வடிப்பதற்கு ‘ஊறல்’ என்று வைக்கலாமா? ஆவாரம்பூ ஊறல், செம்பருத்தி ஊறல் என்று சொல்லிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது.

தேரிக்காட்டான்:

தங்கச்சி, தயவுசெய்து ‘ஊறல்’ வேண்டாம். ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று செய்தித்தாளில் வாரம் ஒருமுறையாவது படிக்கிறோம். நீங்கள் ‘செம்பருத்தி ஊறல் 20 ரூபாய்’ என்று பலகை வைத்தால், முதல் வாடிக்கையாளராகக் காவல் நிலையத்திலிருந்துதான் ஆள் வருவார். ‘ஊறுநீர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளும் மாறாது, வம்பும் இல்லை. ஊறல் என்ற சொல்லை உங்கள் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் குடத்தில் தேறலாவதற்கு முன் பொங்கிக்கொண்டிருக்கும் கலவைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

தம்பியின் செய்முறையைக் கேட்டு இங்கே யாரும் குடம் வாங்கக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். தேனில் செய்தாலும் மது மதுதான். 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கவே இங்கு தடை இருக்கிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான் நொதியைத் தடுத்து, சட்டத்தின் இந்தப் பக்கத்தில் எங்களை நிறுத்திவைக்கிறது.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் சுக்குக்காப்பி என்றால் அதில் காப்பிக்கொட்டை இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. வாத்தியார் கேட்ட கேள்வி சரிதான், ஆனால் சனங்கள் நாவில் ஊறிய பெயரை இலக்கணத்துக்காக மாற்றினால் வியாபாரம் படுத்துவிடும். சுக்குமல்லியை மட்டும் ‘சுக்குக்காப்பி’ என்றே எழுதிவிடுங்கள்.

கண்ணாடிக் குடம்:

அக்கா பெயரில் கேள்வி கேட்க வைத்த தம்பி நான்தான். எல்லோருக்கும் நன்றி. இங்கே கடைகளில் இதை ‘மியுட் பிட்னி’ என்று விற்கிறார்கள். ‘குடிக்கும் தேன்’ என்று பொருள். பொதிகை ஐயா எழுதிய பிறகுதான் அதன் சுவை எனக்கு முழுதாகப் புரிந்தது.

இந்த நாட்டில் தேறலுக்குப் பெயர் வைக்கும் முறை நம் சித்த மருத்துவக் கணக்கைப் போலவே இருக்கிறது. தேன் ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு என்றால் மொத்தம் நான்கு; அதற்கு ‘ச்வூர்னியாக்’ என்று நான்கை வைத்தே பெயர். ஒன்றுக்கு இரண்டு என்றால் மூன்றின் பெயர், ஒன்றுக்கு ஒன்று என்றால் இரண்டின் பெயர். ஒரு பங்குத் தேனுக்கு அரைப் பங்குதான் நீர் என்றால் ‘ஒன்றரை’ என்று பெயர். நான்கின் பெயருள்ள வகை ஒன்பது மாதத்தில் குடிக்கத் தயாராகும். ஒன்றரைக்கு மூன்று ஆண்டாவது காத்திருக்க வேண்டும். தேன் கூடக்கூட ஈஸ்ட் இனிப்பில் திணறும் என்பதுதான் காரணம். ஆல்கஹால் 15 முதல் 18 சதவீதத்தை எட்டும்போது ஈஸ்ட் ஓய்ந்துவிட, மிச்ச இனிப்பு அப்படியே தங்கிவிடும்.

ஆகவே என் புட்டிகளில் நாற்கூற்றுத் தேறல், முக்கூற்றுத் தேறல் என்று எழுதப் போகிறேன். இருகூறும் ஒன்றரைக் கூறும் செய்யும் பொறுமை இன்னும் வரவில்லை. கிராம்பு இட்டது மணத்தேறல். ஒரு குடத்துக்கு ஆறு கிராம்பு போட்டு இரண்டு மாதம் விட்டதில் நாக்கு மரத்துப்போகிறது, அடுத்த முறை இரண்டுதான். முதல் குடம் பாதியில் நின்றுபோனதற்கும் காரணம் தெரிந்துகொண்டேன். தேனில் சர்க்கரை இருக்கும் அளவுக்கு நைட்ரஜன் இல்லை. ஈஸ்ட்டுக்குத் தனியாக உணவு இட வேண்டும்.

அக்கா, உன் ஊறுநீரில் தேன் கலப்பதாக இருந்தால் ஆறிய பிறகு கலந்து கொடு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் துளியும் கொடுக்காதே.

பாளைக் கடைக்காரி:

சரி தம்பி. பலகை எழுதுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார். ‘ஊறுநீர்’ என்பதை மேலே ஒரே முறை பெரிதாக எழுதி, கீழே ஆவாரம்பூ, செம்பருத்தி, சங்குப்பூ, நன்னாரி என்று பெயர்களை மட்டும் வரிசையாக எழுதச் சொல்லிவிட்டேன். ஓரத்தில் தனியாகச் சுக்குக்காப்பி. வாத்தியார் மறுபடி வந்து, “காப்பிக்கொட்டை எங்கே தாயி?” என்று கேட்டால் தேரிக்காட்டு அண்ணாச்சியைத்தான் கைகாட்டுவேன்.