பழைய ஜீப்பின் கியர் பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் வீட்டிலேயே இறக்க முடியுமா?

கூடலூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய பெட்ரோல் ஜீப் ஒன்று வீட்டில் நிற்கிறது. மஹிந்திரா சிஜே 3பி, உயரமான பானட். எஞ்சின் பழைய ஹரிக்கேன்தான், மாற்றவில்லை. மூன்று கியர் டி-90 பாக்ஸ், அதன் பின்னால், விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டேனா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ்.

தொந்தரவு மூன்று. நடுவட்டம் ஏற்றத்தில் இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. கிளட்ச் வழுக்குகிறது, எஞ்சின் கத்துகிற அளவுக்கு வண்டி நகர்வதில்லை. அப்புறம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் ஆயில் ஒழுகி, அங்கே இருக்கிற ஹேண்ட் பிரேக் டிரம் முழுவதும் நனைந்து கிடக்கிறது. மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் இறங்க முடியாது.

பட்டறையில் விட்டால் இந்த வண்டிக்கு எப்போது கை வைப்பார்கள் என்றே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். வீட்டு போர்ட்டிகோவில் சிமெண்ட் தரை இருக்கிறது. ஒரு பாட்டில் ஜாக்கி, ஒரு கத்தரி ஜாக்கி, ஹாலோ பிளாக் கல் எட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மச்சான் உதவிக்கு வருவார். பிரேக், ஆக்சில், ஹெட் கேஸ்கட் வேலைகளை நானே செய்திருக்கிறேன். கியர் பாக்ஸ் மட்டும் இறக்கியதில்லை. இரண்டையும் சேர்த்து இறக்குவதா, தனித்தனியாகவா?

மலைப்பாதை

இறக்கலாம். ஆனால் ஹாலோ பிளாக் கல்லை வண்டிக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள். அது விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடிந்துவிடும். சேஸிஸுக்கு அடியில் கொடுக்க நல்ல இரும்பு ஸ்டாண்ட் நான்கு வாடகைக்காவது வாங்குங்கள். கத்தரி ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

பழைய பட்டறை

தம்பி, எஸ்டேட் கராஜில் 30 வருஷம் இந்த ஜீப்புகளோடுதான் இருந்தேன். தாராளமாக வீட்டில் இறக்கலாம். சேர்த்தே இறக்கு. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இரண்டையும் பிரிப்பது வீண் வேதனை.

ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு காரியம் செய். முதலாவது, கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் இரண்டின் ஆயில் ஊற்றும் பிளக்கையும் திறந்து அளவைப் பார். இவை இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருப்பவை. நடுவில் இருக்கிற பேரிங் வழியாக ஆயில் பின்னால் கசிந்து, முன்னது காய, பின்னது நிரம்பி வழியும். அப்படி இருந்தால் பின் சீலை எத்தனை தடவை மாற்றினாலும் ஒழுகும். ஆயிலை வடித்த பிறகு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டாவது, கிளட்ச் ஹவுசிங்கில் கியர் பாக்ஸைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டையும் ஆட்டிப் பார். அவை தளர்ந்தால் பாக்ஸ் கோணலாகி, ஏற்றத்தில் கியர் கழலும். உள்ளே பல் போய்விட்டது என்று பயந்து பாக்ஸைப் பிரித்துப் போட்டவர்கள் நிறையப் பேர்.

சரி, இறக்குகிற வேலை. பேட்டரி ஒயரைக் கழற்று. உள்ளே தரைத் தகட்டை எடுத்துவிட்டால் பாக்ஸ் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும், பாதி வேலையை மேலிருந்தே பார்க்கலாம். கியர் லீவர்களைக் கழற்றியதும் அந்த ஓட்டைகளைத் துணியால் அடை. ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் அதுவே தனி வேலை. ஆயிலை வடி. ஆக்சில்களுக்குப் போகிற இரண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் கழற்றும் முன் சுண்ணாம்பிலோ பெயிண்டிலோ ஒரு கோடு போட்டுக்கொள், மாட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும். ஷாஃப்ட் முனை மூட்டில் இருக்கிற கிராஸ் கப்புகளைச் சுற்றி டேப் ஒட்டு. இல்லையென்றால் ஊசி ரோலர்கள் தரையெல்லாம் உருளும். ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள், கிளட்ச் இணைப்பு, இதெல்லாம் நீயே பார்த்துச் செய்துவிடுவாய்.

இனிமேல் சொல்வதை மெதுவாகப் படி. இந்த வண்டியில் எஞ்சினின் பின்பக்கத்தைத் தாங்குவது கியர் பாக்ஸ். கியர் பாக்ஸைத் தாங்குவது அடியில் இருக்கிற குறுக்குச் சட்டம், கிராஸ் மெம்பர். அந்தக் கிராஸ் மெம்பரின் கடைசி போல்ட் கழன்றால், முட்டு இல்லாவிட்டால் எஞ்சினும் பாக்ஸும் சேர்ந்து உன் நெஞ்சின் மேல்தான் இறங்கும். அதனால் அதைத் தொடும் முன்பே எஞ்சினின் அடியில், ஆயில் சம்புக்குக் குறுக்கே மரக்கட்டை வைத்து ஒரு ஜாக்கி கொடு. பாக்ஸுக்கு இன்னொன்று. பாக்ஸைப் பின்னால் இழுக்க எஞ்சினின் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். அப்போது ஒருவர் முன்னால் நின்று, ஃபேன் ரேடியேட்டரில் முட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

பாட்டில் ஜாக்கியின் தலை சின்னது, பாக்ஸ் அதில் நிற்காது. டிரான்ஸ்ஃபர் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருப்பதால் எடை வலது பக்கம் சாயும். நாங்கள் செய்வது இது: தரைத் தகடு எடுத்த திறப்புக்கு மேலே, பாடியின் இரண்டு பக்கமும் தடித்த பலகை வைத்து, அதன் குறுக்கே கனமான இரும்புக் குழாய். குழாயில் செயின் பிளாக் (எடை தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டி பாக்ஸைத் தொங்கவிடு. ஜாக்கி அடியில் துணைக்கு மட்டும். செயினின் ஒரு சுற்று டிரான்ஸ்ஃபரையும் பிடித்திருக்க வேண்டும்.

நான்கு போல்ட்டில் மேலே இருக்கிற இரண்டையும் முதலில் எடுத்து, அந்த இடத்தில் நீள போல்ட் இரண்டைத் திருகு. தலையை அறுத்துவிட்டு, முனையில் ரம்பத்தால் ஒரு கோடு அறுத்துக்கொள், ஸ்குரூ டிரைவர் வைத்துத் திருப்பலாம். பாக்ஸ் அந்த இரண்டு கம்பியின் மேல் நேராக வழுக்கிப் பின்னால் வரும். இது இல்லாமல் ஒரு தடவை நான் செய்தேன். பாக்ஸ் பாதி வெளியே வந்த நிலையில், ஜாக்கியைத் தள்ளி வைக்கலாம் என்று இரண்டே நிமிஷம் விட்டேன். மொத்த எடையும் டாப் ஷாஃப்ட், அதாவது கிளட்சிலிருந்து பாக்ஸுக்குள் போகிற தண்டு, அதன் வழியாகக் கிளட்ச் பிளேட்டின் நடு மையத்தில் தொங்கியது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டியைக் கொடுத்த மூன்றாம் நாள் கிளட்ச் விடவில்லை என்று திரும்பி வந்தது. பிளேட் வளைந்திருந்தது. மறுபடியும் முழுவதும் இறக்கினேன்.

இறக்கிய பின் டிரான்ஸ்ஃபரைப் பிரிக்கும்போது இன்னொரு கவனம். பின் மூடியைக் கழற்றினால் மெயின் ஷாஃப்டின் முனையில் ஸ்பிளிட் பின் போட்ட நட் இருக்கும். அதையும் கியரையும் எடுத்துவிட்டு டிரான்ஸ்ஃபரை இழுக்கும்போது மெயின் ஷாஃப்டும் கூடவே வரப் பார்க்கும். வந்தால் பாக்ஸுக்குள் எல்லாம் சரியும். ஷாஃப்ட் முனையை அசையாமல் முட்டுக்கொடுத்துவிட்டு, கேஸை மட்டும் பின்னால் தட்டி எடு.

கூடலூர்க்காரன்

அண்ணா, நீங்கள் சொன்னபடி இன்று காலை பார்த்தேன். கியர் பாக்ஸ் பிளக்கில் விரலை முழுதாக விட்டும் ஆயில் தொடவில்லை. டிரான்ஸ்ஃபர் பிளக்கைத் திறந்ததும் முழங்கை வரை வழிந்தது. நான்கு போல்ட்டில் கீழே உள்ள இரண்டும் கையாலேயே திரும்புகின்றன. அப்படியென்றால் போல்ட்டை முறுக்கி ஆயில் ஊற்றினால் போதுமா, இறக்கவே வேண்டாமா?

பழைய பட்டறை

போல்ட்டை முறுக்கி, ஆயிலைச் சரியான அளவுக்கு ஊற்றி ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டு. இரண்டாவது கியர் நின்றுவிட்டால் பாக்ஸின் பற்களைத் தொட வேண்டாம். ஆனால் கிளட்ச் வழுக்குவதால் எப்படியும் இறக்கித்தான் ஆக வேண்டும். கீழே வந்த கையோடு நடு பேரிங்கை ஒரு பக்கம் சீல் உள்ளதாக மாற்றிவிடு, ஆயில் பின்னால் போவது நிற்கும். டிரான்ஸ்ஃபரில் இன்டர்மீடியட் ஷாஃப்டையும் உருவிப் பார். நகத்தால் கீறினால் பள்ளம் தட்டுப்பட்டால் ஷாஃப்டும் ஊசி பேரிங்கும் புதிதாகப் போடு. டேனா 18 இரைச்சல் போடுவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

வடித்த ஆயிலைக் கீழே கொட்டிவிடாதே. வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார். தங்கப் பொடி போல மினுக்கினால் கியர் உரசாமல் விழ உதவுகிற சிங்க்ரோ வளையத்தின் பித்தளை, வயதுக்கு அது சகஜம். காந்தத்தில் ஒட்டுகிற சில்லு வந்தால் எனக்குப் படம் போடு.

ஸ்பேனர்செட்

ஆயில் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 90 நம்பர் என்று மட்டும் கேட்டால் கடையில் ஜிஎல்-5 தர ஆயிலைக் கொடுத்துவிடுவார்கள். பாக்ஸுக்கு ஜிஎல்-4 கேட்டு வாங்குங்கள். ஜிஎல்-5 ஆயில் சிலவற்றில் இருக்கும் சேர்மானம் பித்தளையை அரிக்கும். இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 3 லிட்டர் பிடிக்கும்.

கூடலூர்க்காரன்

இறக்கியாயிற்று! போல்ட்டை முறுக்கியதும் இரண்டாவது கியர் ஏற்றத்திலும் நின்றது. அதனால் பற்களைப் பிரிக்கவில்லை. குழாயும் செயின் பிளாக்கும்தான் காப்பாற்றின. மச்சான் முன்னால் நின்று ஃபேனைப் பார்த்துக்கொண்டார். பழைய பிளேட்டில் ரிவெட் தலைகள் வெளியே வந்து ஃபிளைவீலில் வட்டமாகக் கீறியிருக்கின்றன. மாட்டும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பழைய பட்டறை

நல்லது தம்பி, மனசு நிறைந்தது. ஃபிளைவீலைக் கழற்றி லேத்தில் சமன் செய்துவிடு. கழற்றும் முன் கிராங்க் நடுவில் டாப் ஷாஃப்டின் முனையைத் தாங்குகிற பைலட் புஷ்ஷில் விரலை விட்டுப் பார், முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் அதையும் மாற்று. புதுப் பிளேட்டை மையப்படுத்த பழைய டாப் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல கருவி இல்லை.

பாக்ஸை ஏற்றும்போது டிரான்ஸ்ஃபரை ஹையிலும் பாக்ஸை டாப் கியரிலும் போட்டுவிட்டு, பின் ஃபிளேஞ்சைக் கையால் லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளு. ஷாஃப்டின் ஸ்ப்ளைன் வரிகள் பிளேட்டில் பிடித்ததும் தானாக உள்ளே போகும். கடைசி அரை அங்குலம் போகவில்லை என்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதே, கேஸின் காது உடையும். பின்னால் எடுத்துத் திரும்ப முயற்சி செய். ஆயிலில் ஊறிய ஹேண்ட் பிரேக் ஷூவைக் கழுவி மாட்டாதே, புதுசு போடு.