12 வயசு பொண்ணுக்கு ஃப்ளூவாக்ஸிடின், பெரியவங்களுக்கு இல்லாத பயம் குழந்தைக்கு மட்டும் ஏன்?

மலர்_திருச்சி:
என் பொண்ணுக்கு ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே வேலைய மறுபடி மறுபடி செய்ய வைக்கிற நோய். கவுன்சிலிங் போயிட்டுதான் இருக்கோம், இப்போ டாக்டர் ஃப்ளூவாக்ஸிடின் 10 எம்ஜியும் ஆரம்பிச்சிருக்கார். இதே மாத்திரைய என் கொழுந்தனார் டிப்ரஷனுக்கு 20 எம்ஜி சாப்பிடுறார், அவர மாசம் ஒரு தடவைதான் வரச் சொல்றாங்க. இவளுக்கு மட்டும் வாரா வாரம் வரணும், தூக்கம் எப்படி, எரிச்சல் வருதா, செத்துப்போறத பத்தி ஏதாவது பேசுறாளான்னு பார்த்துட்டே இருக்கணுமாம். அத கேட்டதுலேர்ந்து நான் தூங்கவே இல்ல. மாமியார் வேற பச்சப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம், நிறுத்துன்னு ஒரே பிடிவாதம். பாதி டோஸ்தானே, அப்புறம் ஏன் இவ்ளோ எச்சரிக்கை? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மருந்தாளுநர்77:
சிஸ்டர், முதல்ல ஒண்ணு, டாக்டர கேக்காம நீங்களா நிறுத்தாதீங்க.

டோஸ் பாதிங்கறதால எஃபெக்டும் பாதியா இருக்கும்னு இல்ல. உடம்பு எடையோட ஒப்பிட்டா குழந்தைங்க கல்லீரல் பெரியவங்கள விட பெருசு, அதனால நிறைய மருந்த வேகமா கரைச்சு வெளிய தள்ளிடும், சிலதுக்கு கிலோ கணக்குல பெரியவங்கள விட அதிகமாவே குடுக்க வேண்டி வரும். அதே சமயம் எடை கம்மியான சின்ன குழந்தைக்கு 20 எம்ஜி ஃப்ளூவாக்ஸிடின் குடுத்தா ரத்தத்துல அளவு ரொம்ப ஏறிடும், 10ல ஆரம்பிக்கிறது அதனாலதான்.

நீங்க பயப்படுற விஷயத்துக்கு வரேன். 2004ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ இந்த மாதிரி டிப்ரஷன் மாத்திரைங்கள வச்சு சின்ன வயசுக்காரங்க கிட்ட நடந்த 24 ஆய்வுகள ஒண்ணா சேர்த்து பார்த்தாங்க, மொத்தம் 4,400 பேருக்கு மேல. தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தது மருந்து எடுத்தவங்கள்ல 4 சதவீதம், மருந்தே இல்லாத டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல 2 சதவீதம். அந்த ஆய்வுகள்ல யாரும் தற்கொலை செஞ்சு இறக்கல. அதனால மாத்திரையோட விவரச் சீட்டுல சின்ன வயசுக்காரங்களுக்கு எச்சரிக்கை போட வச்சாங்க, 2007ல அத 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க. ஆனா 65 வயசு தாண்டினவங்கள்ல இதே மருந்துங்க அந்த ஆபத்த குறைச்சிருக்கு! மாத்திரை ஒண்ணுதான், வயச பொறுத்து வேலை மாறுது. உங்க கொழுந்தனார வச்சு பொண்ண கணக்கு போட முடியாதுங்கறது இதனாலதான்.

பையனோட_அப்பா:
என் பையனுக்கு ஆட்டிசம், ரிஸ்பெரிடோன்னு வேற ஒரு மனநல மருந்து எடுக்கிறான். கைய கடிச்சு ரத்தம் வர வச்சுக்குவான், அது நின்னது இந்த மருந்துலதான், அத நான் எங்க வேணாலும் சொல்லுவேன். ஆனா பசி, அய்யோ, சாப்பிட்டு எழுந்த உடனே திரும்ப தட்ட தூக்கிட்டு வந்து நிப்பான். வெயிட் ஏறுறது பெரியவங்களுக்கும் உண்டு, குழந்தைங்களுக்கு அது இன்னும் ஜாஸ்தியாம், அதனால ஒவ்வொரு விசிட்லயும் எடை உயரம் பாக்குறாங்க, சுகர் கொலஸ்ட்ரால் அப்பப்ப. அடிக்கடி வரச் சொல்ற டாக்டர் கிடைச்சது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன்.

பிஜி_சைக்கியாட்ரி:
மேலே பார்மசி நண்பர் சொன்னது கரெக்ட், ஆனா அத மட்டும் படிச்சிட்டு பயந்து நிறுத்திடுவீங்களோன்னு எனக்கு கவலையா இருக்கு. ஓசிடிக்கு 7 வயசுலேர்ந்தே ஃப்ளூவாக்ஸிடினுக்கு அமெரிக்காவுல அனுமதி இருக்கு, அதாவது குழந்தைங்க கிட்டயே சோதிச்சு பார்த்த மருந்து. பெரியவங்களுக்கு கேக்குற எல்லா மருந்தும் அப்படி இல்ல, இமிப்ரமின் மாதிரி பழைய மாத்திரைங்க பெரியவங்க டிப்ரஷனுக்கு நல்லா வேலை செய்யும், குழந்தைங்களுக்கு டம்மி மாத்திரைய விட பெருசா எதுவும் செய்யல.

முதல் சில வாரமும் டோஸ் மாத்துறப்பவும்தான் கவனமா பாக்கணும். ஒரு இடத்துல உக்காராம துறுதுறுன்னு திரியுறது, திடீர் கோபம், தூக்கமே தேவைப்படாத மாதிரி இருக்கறது, இதெல்லாம் பெரியவங்கள விட குழந்தைங்களுக்கு அதிகம் வரும், வந்தா அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே டாக்டர கூப்பிடுங்க. செத்துப்போறத பத்தி பேசினா தனியா விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரி. ராத்திரில யார்கிட்டயாவது பேசணும்னா அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மனஸ் 14416, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

இன்னொண்ணு, குடும்பத்துல யாருக்காவது பைபோலார், அதாவது மனசு அளவுக்கு மீறின உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறி போற நோய், இருந்திருக்கா? இந்த மாத்திரை அந்த உற்சாகத்த கிளப்பி விடலாம்ங்கறதால, இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

மலர்_திருச்சி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மாமனாரோட தம்பிக்கு ரொம்ப வருஷம் லித்தியம் குடுத்தாங்கன்னு வீட்ல பேசிக்குவாங்க, அது பைபோலாருக்குத்தானா? காலைல முதல் வேலையா டாக்டருக்கு போன் பண்றேன்.

பிஜி_சைக்கியாட்ரி:
பெரும்பாலும் அதுக்குத்தான். எந்த வயசுல ஆரம்பிச்சதுன்னு மாமியார்கிட்ட கேட்டு அதையும் சேர்த்து சொல்லுங்க.